புற்றுநோயின் மாறுவேடங்கள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பல ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் உயிரியல் பயின்ற மாணவர் ஒருவர் எமது வீட்டுக்கு வந்திருந்தார். இன்று அவரும் ஓர் ஆசிரியர். கையில் நீண்ட கடித உறையொன்று இருந்தது. அதனுள் அவருடைய தாய்மாமனின் மருத்துவ அறிக்கை.

அம்மானுக்கு வயது 65. இரண்டு மாதங்களுக்கு முன் அவருடைய கண்கள் மஞ்சளித்தன. வீட்டார் செங்கமாரி என்றெண்ணிக் கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரிற் கலந்து கொடுத்து வந்தனர். நோவு இல்லை; காய்ச்சலும் இல்லை. ஆனால் உடம்பெங்கும் கடி, மலம் வெளுப்பு, நாளுக்கு நாள் மெலிவு. ஈற்றில் மருத்துவரிடம் சென்றபோது ஸ்கான் படம் சதையியின் தலைப்பகுதியில் ஒரு கட்டியைக் காட்டிற்று. ஊசியாற் சிறிது இழையம் எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய்க் கலங்கள் உள்ளன என்றும், அவை வழக்கமான வகையைச் சேர்ந்தனவல்ல என்று தோன்றுவதால் மேலும் சில சாயப் பரிசோதனைகளும் மற்றொரு நிபுணரின் கருத்தும் வேண்டியுள்ளன என்றும், இதற்கு இரண்டு கிழமை செல்லலாம் என்றும் அறிக்கை கூறிற்று.

“சேர், புற்றுநோய் என்று கண்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் இரண்டு கிழமை அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்ன இருக்கிறது?” என்று கேட்டார். கேள்வியில் துயரத்தோடு சிறிது கோபமும் இருந்தது.

நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் கேள்வி நியாயமானது. பல குடும்பங்களில் வாய்விட்டுக் கேளாமலே அடங்கிப் போவது. அன்று அவருக்குச் சொன்னவற்றையும், நேரமின்மையாற் சொல்லாது விட்டவற்றையும் இவ்வாரம் எழுதுகிறோம்.

சதையி என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்கே படுத்துக் கிடக்கும் ஓர் உறுப்பு. தமிழகத்தார் இதனைக் கணையம் என்பர். ஏறக்குறைய 15 சதமமீற்றர் நீளம். இதனுள்ளே இரண்டு தொழிற்சாலைகள் உள்ளன. ஒன்று, உணவைச் செரிக்கச் செய்யும் நொதியங்களைச் சுரந்து, கான்கள் வழியாக முன்சிறுகுடலுக்கு அனுப்புகிறது. மற்றது இன்சுலின் முதலிய ஓமோன்களை நேரே குருதியிற் கலக்கிறது. இந்த இரண்டாவது தொழிற்சாலையை 1869ஆம் ஆண்டில் பேர்லினிற் கண்டவர் போல் லாங்கர்ஹான்ஸ். அப்பொழுது அவர் பட்டத்துக்கு ஆய்வுரை எழுதிக்கொண்டிருந்த 21 வயது மாணவர். கண்ட கலத்திரள்களின் தொழில் யாதென அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதியும் வைத்தார். அத்திரள்கள் இன்று அவர் பெயராற் சிறுதீவுகள் என வழங்குகின்றன.

ஆகவே சதையியிலே மூவகைக் கலங்கள் முக்கியமானவை: கான்களின் உட்புறத்தை மூடும் கலங்கள், நொதியம் சுரக்கும் கலங்கள், சிறுதீவுக் கலங்கள். இம்மூன்றிலும் புற்றுநோய் தோன்றலாம். ஆனால் சதையிப் புற்றுநோய் என்று உலகம் அஞ்சும் நோய், பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குக் கான் கலங்களின் தன்மையோடு வருவதாகும். அம்மானின் கண்கள் மஞ்சளித்ததற்குக் காரணமும் இடநெருக்கமே. சதையியின் தலையூடாகப் பித்தக்கான் செல்கிறது. கட்டி அதனை நெரித்ததும் பித்தம் திரும்பிக் குருதியிற் கலந்துவிடுகிறது. நோவில்லாது முதியவர் ஒருவருக்குச் செங்கமாரி கண்டால் மூலிகையோடு நாட்களைக் கழியவிடாது மருத்துவரை நாடுதல் வேண்டும் என்பதை இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

இனி நுணுக்குக்காட்டியின் மேடைக்கு வருவோம். எடுத்த இழையத்தைப் போமலினில் இட்டுப் பதப்படுத்தி, மெழுகிற் புதைத்து, மிக மெல்லிய சீவல்களாகச் சீவுகிறார்கள். ஒரு மில்லிமீற்றரை 200 கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவே ஒரு சீவலின் தடிப்பு. நிறமற்ற அச்சீவலுக்கு இரண்டு சாயம் ஏற்றப்படும். ஒன்று ஹீமற்றொக்சிலின், மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து பெறப்பட்டது. அது கலத்தின் கருவை நீலமாக்கும். மற்றது இயோசின், அது எஞ்சியவற்றை இளஞ்சிவப்பாக்கும். எத்தனையோ புதிய கருவிகள் வந்துள்ள இக்காலத்திலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இவ்விரு சாயங்களையே உலகெங்கும் நோயியல் நிபுணர்கள் முதலிற் பார்க்கிறார்கள்.

பார்ப்பது எளிது, காண்பது அரிது. எமது வகுப்பிலே வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியில் வைத்து, கண்டதை வரையுங்கள் என்றால், மாணவரிற் பெரும்பாலோர் பாடநூற் படத்தையே நினைவிலிருந்து வரைந்து தருவர். கண்ணாடியினூடே தெரிந்த காற்றுக்குமிழியையும் மடிப்பையும் வரைபவர் ஒருவரோ இருவரோதான். அவர்களுக்கே நாம் கூடுதற் புள்ளி இடுவது வழக்கம்.

வழக்கமான சதையிப் புற்றுநோயைக் காண்பதே ஓர் அருங்கலை. காரணம், அது நாரிழையத்தைத் தன்னைச் சுற்றிப் பெருமளவில் வளர்த்துக்கொள்கிறது. ஊசி உள்ளே சென்று மீளும்போது வெறும் நார் மாத்திரமே வருவதும் உண்டு. நெடுங்காலச் சதையி அழற்சியிலும் அதே போன்ற நாரும், அதனிடையே சிதறிய சுரப்பிகளும் காணப்படும். இரண்டையும் பிரித்தறிய நிபுணர்கள் சில அடையாளங்களை வைத்திருக்கிறார்கள். நல்ல சுரப்பிகள், அழற்சியால் நலிந்தாலும், சிறு கொத்துக்களாக ஒழுங்கு குலையாமல் நிற்கும். புற்றுநோய்ச் சுரப்பிகள் ஒழுங்கின்றித் திரியும். ஒரே சுரப்பியினுள் ஒரு கலத்தின் கரு மற்றொன்றினதைப்போல் 4 மடங்குக்கு மேற் பெரிதாயிருந்தால் அது பெரும் ஐயத்துக்குரியது. தடித்த சுவருள்ள நாடியை ஒட்டி ஒரு சுரப்பி தனியே நின்றால், அங்கே அதற்கு அலுவல் இல்லை. நரம்பைச் சுற்றிக்கொண்டு கிடந்தால் வழக்கு ஏறக்குறைய முடிந்தது.

இவையெல்லாம் நோய் தன் சொந்த முகத்தோடு வரும்போது உதவுவன. அது மாறுவேடம் பூண்டு வரும்போதோ?

2000ஆம் ஆண்டில் வொல்கன் அட்சேயும் அவருடன் ஆய்ந்த நிபுணர்களும் ஒரு வேடத்தை விவரித்தனர். நுரைச்சுரப்பி உருவம் என அதனைச் சொல்லலாம். இதிலே கலங்கள் உயர்ந்து, வரிசையாய், அழகாய் நிற்கும். ஒவ்வொன்றின் குழியவுருவும் நுண்ணிய நுரைக்குமிழிகளால் நிறைந்து வெளுத்திருக்கும். கருக்கள் சிறியன, பருமனில் மிகுந்த வேறுபாடில்லை, அடியிலே ஒதுங்கிக் கிடக்கும். மேலே சொன்ன நான்கு மடங்குக் கணக்கு இங்கே கைகொடாது. குறைந்த உருப்பெருக்கத்திற் பார்ப்பவர் ‘கெடுதி இல்லை’ என்று எழுதிவிடக்கூடும். ஆனால் அக்கருக்களை உற்று நோக்கினால் அவை முந்திரிகைவற்றல் போலச் சுருங்கி நெளிந்திருப்பது தெரியும். கலங்களின் மேல் விளிம்பிலே மெல்லிய சிவப்புக் கோடொன்று ஓடும். இவ்வளவு சாதுவான தோற்றம் கொண்டது நடத்தையில் வழக்கமான கொடிய நோயேதான். நல்லவனைப்போல் வேடமிட்டவன் இவன்.

இதற்கு நேர்மாறான வேடமும் உண்டு. சில கட்டிகளிலே 20, 30 கருக்களைக் கொண்ட மாபெரும் கலங்கள் நிறைந்திருக்கும். பார்த்தவுடனே இவையே கொடியவை என்று எவரும் எண்ணுவர். இவை என்பைக் கரைக்கும் கலங்களை அப்படியே ஒத்தவை. சதையியில் என்புக் கட்டி எங்ஙனம் வந்தது? 1968இல் ஹுவான் ரொசாய் என்னும் பேரறிஞர் இத்தகைய கட்டிகளை விவரித்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையோடு, இவை நொதியம் சுரக்கும் கலங்களிலிருந்து தோன்றியன என்று எழுதினார். பின்னர் வந்த ஆய்வுகள் வேறு முடிவைத் தந்தன. கட்டியின் மூலம் கான் கலங்களே. அந்த இராட்சதக் கலங்களோ புற்றுநோய்க் கலங்களே அல்ல. உடலின் துப்புரவுக் கலங்கள் ஒன்றோடொன்று கூடி உருவானவை. அவற்றிடையே பதுங்கியிருக்கும் ஒற்றைக் கருக் கலங்கள்தாம் குற்றவாளிகள். கூட்டத்திலே உருவத்தாற் பெரியவனைப் பிடித்துக்கொண்டு, அருகில் நின்ற கள்ளனை விட்டுவிடும் காவலர் கதைதான். இவ்வகையாளரில் முன்னர் எண்ணியதைவிட நெடுங்காலம் வாழ்ந்தோர் உளர் என்பதால், இதனை இன்று தனி வகையாகவே வகுத்திருக்கிறார்கள். ரொசாயின் பிழையால் அவர் புகழ் குன்றவில்லை என்பதையும் மாணவர்கள் கவனித்தல் நலம். முதலிற் கண்டவர் அவர், எண்ணியதை மறைக்காது எழுதினார், பின்வந்தோர் திருத்தினர்.

வேறு சில வகைகளைச் சுருக்கமாகக் கூறுவோம். ஒன்றிலே, சீதம் குளம்போற் பெருகி நிற்க, அதிலே புற்றுநோய்க் கலங்கள் சிறு கூட்டங்களாக மிதக்கும். கட்டியில் 80 வீதமாவது இவ்வாறிருந்தால் அதற்குத் தனிப் பெயர். அதன் போக்கும் வழக்கமான நோயைவிடச் சிறிது தணிவானது. மற்றொன்றிலே, தோலிற் காண்பது போன்ற செதிற் கலங்கள் சுரப்பிகளோடு கலந்து நிற்கும். சதையியில் இயல்பாகச் செதிற் கலம் என ஒன்று இல்லை. இவ்வகை, வழக்கமானதைவிடக் கொடியது. செதிற் பகுதி 30 வீதத்துக்குக் குறையாதிருக்க வேண்டும் என்பது விதி. ஊசி முனையில் வந்த துணுக்கை வைத்துக்கொண்டு முழுக் கட்டியின் வீதத்தைக் கணிப்பது, ஒரு பிடி நெல்லைக் கண்டு வயலின் விளைச்சலைச் சொல்வதற்கு ஒப்பாகும். நல்ல நிபுணர் அதனை அறிக்கையில் ஒளிக்காது குறிப்பிடுவார்.

இன்னொரு வகையில் ஒவ்வொரு கலமும் ஒரு சீதத்துளியால் நிறைந்து, கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, முத்திரை மோதிரம்போல் தோன்றும். முத்திரை மோதிரத்துக்குத் தமிழிற் கணையாழி என்று பெயர். கணையத்திற் கணையாழி என்னும் பெயரொற்றுமை தற்செயலானதே. எனினும் மாணவர்கள் நினைவில் வைத்திருக்க உதவும். அசோகவனத்துக்கு வந்த கணையாழி எங்கிருந்து வந்தது என்று சீதை அறியவேண்டியிருந்ததுபோல், இக்கணையாழியும் எங்கிருந்து வந்தது என்று முதலில் விசாரிக்க வேண்டும். ஏனெனில் இத்தகைய கலங்கள் பெரும்பாலும் இரைப்பைப் புற்றுநோயிலிருந்தோ மார்பகப் புற்றுநோயிலிருந்தோ புறப்பட்டவையாயிருக்கும். அவ்விடங்களைச் சோதியாது சதையியைக் குற்றம் சாட்டலாகாது.

எமது மாணவருக்கு நாம் மிகவும் விரித்துச் சொன்னது வேறொரு வகை. 1998இல் அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவ ஆய்வாளர்கள் அதனை விவரித்தனர். இதிலே கலங்கள் சுரப்பியாக அமையாது, எல்லைகள் கலந்த திரள்களாகக் கிடக்கும். கட்டி அயலிழையத்தை ஊடுருவாது தள்ளிக்கொண்டு வளரும். குருதியின் வெண்கலங்கள் அதனைச் சூழ்ந்து மொய்த்திருக்கும். தோற்றம் முரடானது, ஆனால் அதன் உள்ளே உள்ள காரணம் வேறு. கலம் பிரியுந்தோறும் டி.என்.ஏ. பிரதி செய்யப்படுகிறது. பிரதியில் எழுத்துப்பிழை நேர்ந்தால் திருத்துவதற்கு அச்சகத்திற் பிழை திருத்துவோர் இருப்பதுபோல் கலத்தினுள்ளும் ஓர் ஏற்பாடு உண்டு. இவ்வகைக் கட்டிகள் பலவற்றில் அந்த ஏற்பாடு செயலற்றிருக்கும். பிழைகள் மலிந்த கலத்தை உடலின் காவற் கலங்கள் அந்நியன் என்று கண்டுகொள்கின்றன. வெண்கலங்கள் மொய்ப்பது அதனாற்றான்.

இதை அறிவதால் ஆவதென்ன? இரண்டு ஆவன. 2017ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்து அதிகார சபை, பிழை திருத்தும் ஏற்பாடு கெட்ட கட்டி உடலின் எவ்வுறுப்பில் இருந்தாலும், வேறு வழியில்லாதபோது பெம்புரோலிசுமாப் என்னும் மருந்தைக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. அது காவற் கலங்களின் கட்டை அவிழ்த்துவிடும் மருந்து. சதையி நோயாளரில் இவ்வகையினர் நூற்றுக்கு ஒருவர் அளவினரே. அவர்களுள்ளும் எல்லார்க்கும் அது பலித்ததென்று சொல்வதற்கில்லை. ஆயினும் அந்த ஒருவருக்கு அவ்வொரு வழி திறப்பது சிறு காரியமா?

இரண்டாவது, குடும்பத்தைப் பற்றியது. இக்குறை சில குடும்பங்களிற் பரம்பரையாக வரும். 1895இல் மிச்சிகனில் தையற்றொழில் செய்த பெண்ணொருத்தி, தன் உறவினர் பலர் புற்றுநோயால் இறந்தனர் என்றும் தானும் அவ்வாறே இறப்பாள் என்றும் நோயியற் பேராசிரியர் ஒல்ட்ரெட் வார்த்தினிடம் சொன்னாள். அவள் அஞ்சியபடியே நிகழ்ந்தது. வார்த்தின் அவள் குடும்ப வரலாற்றை ஆராய்ந்து 1913இல் வெளியிட்டார். ஹென்றி லிஞ்ச் என்பார் 1960களில் அத்தகைய குடும்பங்களை மேலும் ஆராய, அந்நிலை அவர் பெயரைப் பெற்றது. பெருங்குடலிலும் கருப்பையிலும் புற்றுநோய் மிகுதியாக வருவது அதன் இயல்பு. எனவே அம்மானின் சதையித் துணுக்கிலே நிபுணர் காணும் ஓர் அடையாளம், அம்மானின் பிள்ளைகளையும் சகோதரரையும் காலத்தோடு பரிசோதிக்கச் செய்து காப்பாற்றவும் கூடும். இதைக் கேட்டபோதுதான் எமது மாணவர் அறிக்கையை மேசைமேல் வைத்தார். அதுவரை அது அவர் கையிலேயே இருந்தது.

கான் கலங்களைச் சேராத கட்டிகள் வேறு. நொதியம் சுரக்கும் கலங்களின் புற்றுநோய் சிலரில் கொழுப்பைச் செரிக்கும் நொதியத்தைக் குருதியிற் கொட்டிவிடும். அப்போது தோலின் கீழ் முடிச்சுக்களும் மூட்டு வலியும் தோன்ற, நோயாளி வாத வைத்தியரிடம் போவார். இளம் பெண்களிற் காணும் ஒரு கட்டியை 1959இல் வேர்ஜினியா பிரான்ற்ஸ் அம்மையார் விவரித்தார். படத்திலே அது பெரிதாய் அச்சுறுத்தும். ஆனால் சத்திரசிகிச்சையால் அகற்றிவிட்டால் பெரும்பாலோர் முற்றாய்ச் சுகமடைவர். சிறுதீவுக் கலங்களின் கட்டிகளோ முற்றிலும் வேறொரு சாதி.

2011ஆம் ஆண்டு, செப்டெம்பர் 30ஆந் திகதிக்கும் ஒக்ரோபர் 5ஆந் திகதிக்கும் இடையில் உலகப் புகழ்பெற்ற இருவர் இறந்தனர். ஒருவர் ரல்ப் ஸ்ரைன்மன். அவர் இறந்ததை அறியாமலே நோபல் குழுவினர் மூன்று நாட்களின் பின் அவருக்குப் பரிசை அறிவித்தனர். மற்றவர் அப்பிள் கணினிகளை ஆக்கிய ஸ்ரீவ் ஜொப்ஸ். பத்திரிகைகள் இருவருக்கும் ஒரே நோயின் பெயரை எழுதின. நுணுக்குக்காட்டியின் கீழ் அவை இரு வேறு நோய்கள். ஸ்ரைன்மனுக்கு வழக்கமான வகை. ஜொப்ஸுக்குச் சிறுதீவுக் கலக் கட்டி. 2005இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவர் முன் ஆற்றிய உரையில் ஜொப்ஸ் அதனை விவரித்தார். காலையிலே மருத்துவர்கள் அவருக்கு மூன்று முதல் ஆறு மாதங்களே எஞ்சியிருப்பதாகக் கூறினர். மாலையிலே தொண்டை வழியே குழாய் செலுத்தி, ஊசியாற் சில கலங்களை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, சத்திரசிகிச்சையாற் குணப்படுத்தக்கூடிய அபூர்வ வகை எனக் கண்டு மருத்துவர்கள் கண்ணீர் விட்டார்களாம். நோய் கண்டது 2003இல். அவர் வாழ்ந்தது 2011வரை. சத்திரசிகிச்சையை ஒன்பது மாதம் அவரே ஒத்திப்போட்டார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றில் உள்ளது. அறிவு உடையவர்களும் அஞ்சுவதுண்டு.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. ஸ்ரைன்மனுக்குப் பரிசு பெற்றுத் தந்தது, உடற்காப்பிற் பங்குகொள்ளும் கிளைக் கலங்களை அவர் 1973இல் கண்டறிந்தமை. அக்கலங்களின் இனத்தில் ஒன்றைத் தோலிலே 1868இல் முதன்முதற் கண்டு, நரம்புக் கலம் என்று தவறாய் எண்ணியவர் யார் தெரியுமா? சிறுதீவுகளைக் கண்ட அதே மாணவர், லாங்கர்ஹான்ஸ்.

புற்றுநோயே அல்லாததும் அதன் வேடத்தில் வரும். உடலின் காவற் கலங்களே சதையியைத் தாக்கும் ஒருவகை அழற்சி முதியவர்க்கு நோவற்ற செங்கமாரியையும் சதையி வீக்கத்தையும் உண்டாக்கும். ஜப்பானிய மருத்துவர்கள் 1995இல் அதற்குப் பெயரிட்டனர். 2001இல் குருதியில் ஒருவகைப் பிறபொருளெதிரி மிகுவதை அதன் அடையாளமாகக் கண்டனர். நுணுக்குக்காட்டியில் அதன் நார்கள் பாய் பின்னியது போலத் தோன்றும். ஸ்ரெரொயிட் மாத்திரையாலேயே அது வற்றிவிடும். இதனை அறியாத காலத்தில் புற்றுநோய் என்றே கருதிச் சதையித் தலையையும் முன்சிறுகுடலையும் வெட்டியெடுத்துவிட்டு, பிறகு சீவலைப் பார்த்து இல்லையென்று கண்ட சந்தர்ப்பங்கள் பல.

இரண்டு கிழமை எதற்கு என்றால், இதற்குத்தான். மேலதிகச் சாயங்கள் என்பன பிறபொருளெதிரிகளைக் கொண்டு செய்யும் சோதனைகள். சிறுதீவுக் கலத்துக்கே உரிய புரதம் இருந்தால் ஒன்று கபில நிறமாகும். நொதியக் கலமாயின் மற்றொன்று. செதிற் கலமாயின் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் புதிய சீவல் வேண்டும். ஊசி கொண்டுவந்த இழையமோ ஒரு நூற்றுண்டு அளவே. கண்டபடி செலவிட்டால் தீர்ந்துபோம். எதனை முதலிற் கேட்பது என்பதை நிபுணர் யோசித்தே தீர்மானிக்க வேண்டும். இவ்வகைகளைத் தம் வாழ்நாளில் ஓரிரு முறை மாத்திரம் காணும் ஒருவர், பலமுறை கண்ட மற்றொருவருக்குச் சீவலை அனுப்புவது திறமைக் குறைவன்று. “எனக்கு நிச்சயமில்லை” என்று எழுதத் துணிந்த மருத்துவரை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

இரண்டு கிழமை 17 நாளாயிற்று. எமது மாணவர் தொலைபேசியில் அழைத்தார். சாயங்களெல்லாம் பார்த்தாயிற்று, மற்ற நிபுணரும் பார்த்துவிட்டார், நுரைக் கலங்களோடு கூடிய வழக்கமான வகையே. சிறுதீவுக் கட்டியன்று, பிழை திருத்தும் ஏற்பாடும் கெட்டிருக்கவில்லை. கட்டி பெருங்குருதிக் கலன்களைப் பற்றாதிருப்பதால் வருகிற வியாழக்கிழமை சத்திரசிகிச்சை. பித்தக்கானிற் சிறு குழாய் வைத்தபின் மஞ்சள் குறைந்து, அம்மான் சோறு கேட்டு உண்கிறாராம். இத்தனை நாளும் என்ன பார்த்தார்கள் என்று அம்மானும் கேட்டாராம். “நீங்கள் எனக்குச் சொன்னதை அவருக்கும் சொன்னேன், சேர். முந்திரிகைவற்றல் என்றதும் சிரித்துவிட்டார்” என்றார்.